டிரா என்றால் கோழைத்தனமா?

சதுரங்க ஆட்டம் ஒன்று டிராவில் முடிந்தால், "இருவருமே பயந்துவிட்டார்கள்" என்று சிரிப்பது நம் நண்பர்களின் வழக்கம். இத்தீர்ப்பை என்னால் ஏற்க இயலவில்லை.

2000ஆம் ஆண்டு லண்டனில் உலகப் பட்டத்துக்காகக் காஸ்பரோவும் கிராம்னிக்கும் மோதினர். காஸ்பரோவ் 1985 முதல் உலகச் சாம்பியனாக விளங்கியவர். முதல் ஆட்டத்தில் அவர் ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தித் தொடங்கினார். கிராம்னிக் எடுத்த ஆயுதமோ, பழையதென்று பலரும் ஒதுக்கியிருந்த 'பெர்லின் தற்காப்பு'. எட்டாவது நகர்த்தலிலேயே ராணிகள் இரண்டும் வெட்டுப்பட்டன. கறுப்பு ராஜா காஸ்லிங் உரிமையை இழந்து நடுவில் நின்றது. கறுப்பின் இரு சிப்பாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் அடைபட்டன. மேலோட்டமாகப் பார்த்தால் கறுப்புக்கு எல்லாம் குறையே! ஆனால் ராணிகள் இல்லாத பலகையில் அந்த ராஜாவைத் துரத்துவது எளிதன்று. வெள்ளை ஒரு மந்திரியைக் கொடுத்திருக்க, கறுப்பிடம் இரண்டும் இருந்தன. 25 நகர்த்தல்களில் ஆட்டம் டிரா ஆயிற்று.

அப்போட்டியில் இதே தற்காப்பு நான்கு முறை ஆடப்பட்டது. நான்கும் டிரா! காஸ்பரோவின் வெள்ளைக் காய்கள் இப்படி மழுங்கிப்போக, கிராம்னிக் தம் வெள்ளைக் காய்களால் இரண்டு ஆட்டங்களை வென்றார். காஸ்பரோவால் ஓர் ஆட்டம்கூட வெல்ல முடியவில்லை. 8½–6½ என்ற கணக்கில் பட்டம் கைமாறியது. அந்த டிராக்களைக் கோழைத்தனம் என்று யார் சொல்வார்?

சோம்பல் டிராக்களும் உண்டு, மறுக்கவில்லை. 1962இல் குராசோ தீவுப் போட்டியில் பெட்ரோசியன், கேரஸ், கெல்லர் மூவரும் தமக்குள் ஆடிய 12 ஆட்டங்களும் டிரா. பல மிகச் சீக்கிரமே முடிந்தன. பாபி ஃபிஷர் இதை வெளிப்படையாகவே கண்டித்தார். பின்னர் அந்தப் போட்டி முறையே மாற்றப்பட்டது. போராடிப் பெற்ற டிரா வேறு, பேசி முடித்த டிரா வேறு. இரண்டையும் பிரித்தறிய, முடிவை மட்டும் பார்த்தால் போதாது. நகர்த்தல்களையும் பார்க்க வேண்டும்.

நம் கல்லூரி அறிவிப்புப் பலகையில் வென்றவர் பெயர் மட்டுமே எழுதப்படுகிறது. கடைசிப் பலகையில் அமரும் முதலாண்டு மாணவன், தன்னிலும் வலியவனை மாலைவரை தடுத்து நிறுத்தி அணிக்கு அரைப் புள்ளி கொண்டுவருகிறான். அந்த அரைப் புள்ளியால் அணி வென்றாலும் அவன் பெயர் எங்கும் இல்லை. வரும் ஆண்டிலாவது அவன் பெயரையும் எழுதுமாறு விளையாட்டுக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.