பொன் மையை மூடி வையுங்கள்

கோலார் தங்கவயலைக் கருவாக எடுத்து ஸ்கிரீன் பிரிண்ட் செய்ய வரும் இளையவர்கள் முதலில் தேடுவது பொன் மையைத்தான். சினிமா கற்றுக்கொடுத்த பாடம். அந்த டப்பாவைத் திறக்காதீர்கள் என்பதே இந்த இதழின் கட்சி.

வடிவியல் அச்சுக்கு அங்கே இதைவிட நல்ல மூலம் இருக்கிறது: சுரங்கத்தின் வெட்டுமுகப் படம். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் வந்தது முதல், 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது வரை நடந்ததெல்லாம் அளந்து, வரைந்து, தோண்டிய வேலை. செங்குத்தாக இறங்கும் ஷாஃப்ட், படுக்கையாகக் கிளைக்கும் மட்டங்கள், மேற்கே சாய்ந்து ஆழம் போகப்போக நிமிரும் தாதுப்படிவு. தட்டையான நிறமும் கூர்மையான ஓரமும் கேட்கும் படம் இது. நம் தொழிலுக்கென்றே பிறந்தது. ஆனால் பலரும் அளவுகோலைக் கைவிட்டு, சதுரமும் முக்கோணமுமாக அடுக்கிவிடுகிறார்கள். மிஞ்சுவது திரைச்சீலை டிசைன்.

அளவோடு போட்டுப் பாருங்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் சுமார் 3,200 மீட்டர். 1:5000 அளவில் 64 செ.மீ. தாளில் அடங்கும். நிறத்தின்மேல் நிறம் பொருந்தும் ரெஜிஸ்டர் அரை மில்லிமீட்டர் பிசகினால் இரண்டரை மீட்டர் பாறை தப்பிப்போகும். வட ஆற்காட்டிலிருந்து போன ஒரு தொழிலாளி நின்று துளையிட்ட இடமே காணாமல் போகும். தாதுப்படிவின் அகலமோ பல இடங்களில் ஒரு மீட்டர்தான். தாளில் 0.2 மி.மீ. ஏறத்தாழ 800 டன் தங்கம் தந்த வயலுக்குப் படத்தில் கிடைப்பது ஒரு மயிரிழை! பொன் மையின் துகள் பெரிது, அகலக் கண்ணி மெஷ் கேட்கும். அந்த மெஷ்ஷில் இந்த இழை நிற்காது.

இப்படிப்பட்ட இழையையும் ஓரத்தையும் காப்பது அச்சிடுபவரின் கைதான். ஓவியர் ஜோசப் ஆல்பர்ஸ் 1972இல் 127 ஸ்கிரீன் அச்சுகளைத் தொகுப்பாக வெளியிட்டபோது ஓரங்களைக் காப்பாற்றியவர்கள் அதைத் தயாரித்த ஐவ்ஸும் சில்மனும். அவர்கள் பெயர் அத்தொகுப்போடு சேர்ந்தே பேசப்படுகிறது. நம் ஊரில் ஓவியர் ரசாவின் பிந்து அச்சை மாட்டியிருப்பவர்களில் எத்தனை பேர் அச்சிட்டவரைக் கேட்டிருப்பார்கள்?

தாது இழைக்கு இன்னொரு சிக்கல். ஆழத்தில் தாதுப்படிவின் கோடு ஏறக்குறைய நெட்டுக்குத்தாகிறது. மெஷ் இழைக்கு இணையாக ஓடினால் ஓரம் ரம்பப்பல்லாகும். பிலிமைச் சற்றே சாய்த்து ஒட்டுங்கள். இரண்டு பாறை நிறங்களுக்கு நடுவே வெள்ளையாக இழையை விட்டால் மை பரவி அடைத்துவிடும். நிறங்களை ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறவிட்டு, கடைசி ஓட்டத்தில் இழையைக் கருப்பில் போடுங்கள்.