அன்னக்கூடையும் ஆகாய விமானமும்

திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரமாய் இருக்கிறது ஆலந்தலை. ஒரு காலை வேளையில், மீன் ஏலம் முடிந்த நேரம், அங்கே நான் கண்ட காட்சி இது. மீன்காரம்மா ஒருத்தி அன்னக்கூடை நிறைய மீனை வாங்கித் தலைக்குத் தூக்கினாள். ‘டக்’கென்று ஒரு சத்தம். விளிம்பிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு அலுமினியம் கிழிந்து, மீன் அத்தனையும் மணலில்!

“நேத்து வரைக்கும் நல்லாத்தானேம்மா இருந்திச்சு!” என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

வாணலியின் காது கையோடு வந்துவிடும்போது நாமும் இதையேதான் சொல்கிறோம். உண்மை என்னவென்றால், நேற்று வரைக்கும் அது நன்றாக இல்லை!

ஒரு கம்பியை ஒரு தடவை வளைத்தால் ஒடியாது. இப்படியும் அப்படியுமாகப் பல தடவை வளைத்துப் பாருங்கள், ஒடிந்துவிடும். உலோகத்துக்கும் அலுப்பு உண்டு. ‘உலோக அயர்ச்சி’ என்பது அதன் பெயர். சுலபமாகத் தாங்கக்கூடிய பளுவானாலும், ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி வந்தால், எங்கோ ஒரு மூலையில் தலைமயிர் அளவுக்கு விரிசல் விடும். ஒவ்வொரு தடவையும் அது துளித் துளியாக வளரும். ஒரு நாள், மிச்சமிருக்கும் உலோகம் தாங்க மாட்டாமல் அறுந்துவிடும். எஃகுக்காவது ஒரு வரம்பு உண்டு. அதற்குக் குறைந்த பளுவை லட்சக்கணக்கான தடவை ஏற்றினாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அந்த வரம்பு கிடையாது. போதாததற்கு ஈரமும் உப்புக் காற்றும் சேர்ந்துவிட்டால் விரிசலுக்குக் கொண்டாட்டம்தான்.

அன்னக்கூடை போனால் ஒரு நாள் பிழைப்புப் போயிற்று. ஆகாய விமானங்கள் பலவற்றின் உடலும் அலுமினியக் கலப்பு உலோகம்தானே, அங்கே கிழிந்தால்?

கிழிந்தும் இருக்கிறது. 1988 ஏப்ரல் 28-ந் தேதி, ஹவாய்த் தீவுகளில் அலோஹா ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று 24,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது, கூரையில் சுமார் 18 அடி நீளம் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. விமானப் பணிப்பெண் ஒருவர் வெளியே வீசப்பட்டு உயிரிழந்தார். எப்படியோ விமானத்தைத் தரையிறக்கிவிட்டார்கள். மற்ற 94 பேரும் பிழைத்தார்கள். தீவுக்குத் தீவு குட்டிக் குட்டிப் பிரயாணமாக, 19 வருஷத்தில் ஏறக்குறைய 90,000 தடவை பறந்த விமானம் அது. மேலே ஏறும்போதெல்லாம் உள்ளிருக்கும் காற்றழுத்தத்தால் உடல் சற்றே உப்பும், இறங்கும்போது சுருங்கும். கடற்காற்றும் அரித்ததில், தகடுகளை இணைத்த ஆணித் துளைகளைச் சுற்றி விரிசல்கள் வளர்ந்திருந்தன.

இந்த விரிசல்களின் குணத்தை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் நம்மவர். தமிழ்நாட்டில் பள்ளிப் படிப்பை முடித்து, 1977-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்று, அமெரிக்கா சென்ற சுப்ரா சுரேஷ். பாகு காய்ச்சும்போது ஒரு நிமிஷம் முந்தினால் ஒரு பதம், பிந்தினால் வேறு பதம் அல்லவா? அலுமினியக் கலப்பு உலோகத்தையும் அப்படித்தான் சூடேற்றிப் பதப்படுத்துகிறார்கள். பதம் மிஞ்சினால் விரிசல் நேர்க்கோடாக ஓடுகிறது. பதம் சற்றுக் குறைந்தால் வளைந்து நெளிந்து போகிறது. அப்படி நெளியும்போது விரிசலின் இரு கரைகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு அதன் வேகத்தைக் குறைக்கின்றன. 1980-களில் சுரேஷும் உடன் உழைத்தவர்களும் இதையெல்லாம் விளக்கினார்கள். விரிசல் வளரும் வேகம் தெரிந்தால்தானே, எத்தனை பிரயாணத்துக்கு ஒரு தடவை விமானத்தைச் சோதிக்கவேண்டும் என்று கணக்குப் போட முடியும்? அயர்ச்சியைப் பற்றி அவர் 1991-ல் வெளியிட்ட நூலைப் பொறியியல் மாணவர்கள் படிக்கிறார்கள். பின்னாளில், மலேரியா கண்ட இரத்தச் சிவப்பணு எப்படி விறைத்துப் போகிறது என்பதையும் ஆராய்ந்தார். 2011-ல் பத்மஸ்ரீ பெற்றார்.

அந்த ஹவாய் விமானத்தைப் பற்றி இன்னொரு செய்தி உண்டு. ஏறும்போதே ஒரு பெண் பிரயாணி, கதவருகே விரிசல் ஒன்றைக் கண்டிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. ‘இதெல்லாம் அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்?’ என்றுதானே நம்மில் பலரும் நினைத்திருப்போம்?

ஆலந்தலையில் மணலில் கிடந்த மீனைப் பொறுக்கக் கைகொடுத்தபடி, “முன்னாடியே ஒண்ணும் தெரியலையா?” என்று கேட்டேன்.

“கோடு மாதிரி ஒண்ணு ஒரு மாசமாத் தெரிஞ்சுதும்மா. கோடுதானேன்னு விட்டுட்டேன்.”

இன்று பாத்திரம் துலக்கும்போது, வாணலியின் காதையும் குக்கரின் பிடியையும் ஒரு தடவை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கோடு தெரிந்தால் அதைக் கோடுதானே என்று விட்டுவிடாதீர்கள். வெளியிடத்தில் கண்டால், வெட்கப்படாமல் வாய் திறந்து சொல்லுங்கள். களைத்துப்போன உலோகம் தானாக வாய் திறந்து சொல்லாது. கண்டவர்கள்தான் சொல்லவேண்டும்.