பழியைக் கம்ப்யூட்டர் மேல் போடாதீர்கள்

"கம்ப்யூட்டர் நாதஸ்வரத்தில் உயிரே இல்லை சார்" என்று நண்பர்கள் பலர் புலம்புகிறார்கள். புதிதாக வரும் சில பக்திப் பாடல்களைக் கேட்டால் எனக்கும் எரிச்சல்தான். ஆனால் பழியைக் கம்ப்யூட்டர் மேல் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மென்பொருள் சிந்தசைசரில் எல்.எஃப்.ஓ. என்று ஒன்று உண்டு. காதுக்கே கேட்காத மெதுவான அலை. அதைச் சுருதியோடு இணைத்தால் ஸ்வரம் விநாடிக்கு ஐந்தாறு தடவை ஒரே சீராக நடுங்கும். ஒரு நிமிட வேலை. அதைச் செய்துவிட்டு "கமகம் வைத்திருக்கிறேன்" என்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் கோபம் வருகிறது. மின்விசிறிக்கு முன்னால் நின்று 'ஆ' என்று கத்தினாலும் இப்படித்தான் கேட்கும்!

தோடி காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரிஷபத்தின் பக்கம் இறங்கும், மத்தியமத்தைத் தொடும். வீச்சும் வேகமும் பிடிக்குப் பிடி மாறும். ஷட்ஜமும் பஞ்சமமுமோ அசையாமல் நிற்கவேண்டியவை. எல்.எஃப்.ஓ.வுக்கு இதெல்லாம் தெரியுமா? எல்லாவற்றையும் ஒரே ஆட்டுதான்.

வழி இல்லாமலா இருக்கிறது? பிட்ச் சக்கரத்தின் எல்லையைக் கூட்டிக்கொண்டு இடது கையால் வளைக்கலாம். கட்டையை அழுத்தும் பலத்தை அசைவின் அளவோடு இணைக்கலாம். மூச்சால் ஊதும் கருவியைப் பொருத்தி ஒலியின் அளவையும் ஃபில்டரையும் அதன் வசம் விடலாம். சர்ஜ், வைட்டல் இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. 1970-இல் வந்த மினிமூகிலேயே இடது கைக்கு இரண்டு சக்கரங்கள் இருந்தன!

இதற்கெல்லாம் கொஞ்சம் தோடி தெரிந்திருக்க வேண்டும். அதுதான் சிக்கல் போலிருக்கிறது.