எக்செல்லின் புள்ளியியலை வகுப்பறையில் திறக்க வேண்டும்

எக்செல்லில் 'டேட்டா' தாவலைத் திறந்து வலது ஓரத்தைப் பார்த்தால், பெரும்பாலான கணினிகளில் அங்கே 'டேட்டா அனாலிசிஸ்' என்ற பொத்தான் இருக்காது. அது தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருள் இல்லை. மென்பொருளை நிறுவிய அன்றே கணினிக்குள் வந்துவிட்ட கருவித் தொகுப்பு; பெயர் 'அனாலிசிஸ் டூல்பேக்'. திட்ட விலக்கம், ஒட்டுறவு, ரிக்ரஷன், அனோவா, மூன்று வகை டி-சோதனை என்று மொத்தம் 19 கருவிகள் அதில் இருக்கின்றன. முதுகலைத் திட்டக் கட்டுரைக்கும், பல முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கும் தேவைப்படும் கணக்குகளில் பெரும்பகுதியை அதைக் கொண்டே முடித்துவிடலாம்.

ஆனால் அதைத் தட்டி எழுப்ப வேண்டும். 'ஃபைல்' பட்டியலின் அடியில் உள்ள 'ஆப்ஷன்ஸ்', அதற்குள் 'ஆட்-இன்ஸ்' என்று போனால் ஒரு நீண்ட பட்டியல் வரும். செயல்படாமல் இருக்கும் ஆட்-இன்களின் வரிசையில் டூல்பேக்கின் பெயரும் இருக்கும். புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் இதுதான். அந்தப் பெயரை எத்தனை முறை கிளிக் செய்தாலும் எதுவும் நடக்காது. பட்டியலுக்குக் கீழே 'மேனேஜ்' என்ற சிறு பெட்டியில் 'எக்செல் ஆட்-இன்ஸ்' என்று இருக்கிறதா என்று பார்த்து, பக்கத்திலுள்ள 'கோ' பொத்தானை அழுத்த வேண்டும். அப்போது திறக்கும் சின்னப் பெட்டியில் 'அனாலிசிஸ் டூல்பேக்' எதிரே டிக் அடித்து ஓகே கொடுத்தால் வேலை முடிந்தது. அதே பெயரில் 'விபிஏ' என்ற ஒட்டோடு இன்னொன்றும் அங்கே இருக்கும். மேக்ரோ எழுதுபவர்களுக்கானது, மற்றவர்களுக்கு வேண்டாம். மேக் கணினியில் 'டூல்ஸ்' பட்டியலுக்குள் 'எக்செல் ஆட்-இன்ஸ்' நேரடியாகவே கிடைக்கிறது.

அரை நிமிட வேலை. இந்த அரை நிமிடத்தை யாரும் சொல்லித் தராததால், பல்கலைக்கழக வாசல்களை ஒட்டிய ஜெராக்ஸ் கடைச் சுவர்களில் 'டேட்டா அனாலிசிஸ் செய்து தரப்படும்' என்ற துண்டறிக்கைகள் தொங்குகின்றன. சொந்தமாகக் களத்துக்குப் போய், வீடு வீடாக வினாத்தாள் கொடுத்து, எண்களைச் சேகரித்த மாணவர், கடைசிப் படியில் பணத்தையும் கோப்பையும் முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டு, அச்சடித்த அட்டவணைகளை வாங்கி வருகிறார். அட்டவணையில் உள்ள எண் ஏன் அப்படி வந்தது என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால் அவரிடம் பதில் இருப்பதில்லை. இதற்கு மாணவரைக் குறை சொல்வது நியாயமாகாது. தாளில் டி-சோதனை போடச் சொல்லி மதிப்பெண் கொடுக்கும் பாடத்திட்டம், அவர் கையிலிருக்கும் கணினியில் அதையே எப்படிச் செய்வது என்பதைத் தேர்வுக்கு உரிய விஷயமாகவே கருதவில்லை.

மைக்ரோசாஃப்டின் பங்கும் இதில் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்திலிருந்தே எக்செல்லோடு வரும் தொகுப்பு இது. நினைவகம் சிறியதாக இருந்த அந்தக் காலத்தில், வேண்டியவர்கள் மட்டும் இயக்கிக்கொள்ளட்டும் என்று ஒதுக்கி வைத்ததில் பொருள் இருந்தது. 2007 பதிப்பில் டூல்பேக்கின் ஃபார்முலாக்கள் எக்செல்லுக்குள்ளேயே கலந்துவிட்டன. கருவிகளுக்கான பட்டியல் மட்டும் இன்னும் அந்த டிக்குக்குப் பின்னாலேயே கிடக்கிறது. மேக் பயனாளர்கள் பட்ட பாடு இதைவிடப் பெரியது. 2008, 2011 பதிப்புகளில் தொகுப்பே இல்லாமல் போய், வேறொரு நிறுவனத்தின் மென்பொருளைத் தேட வேண்டியிருந்தது. 2016 பதிப்பில்தான் அது திரும்பி வந்தது. இணைய உலாவியில் இயங்கும் எக்செல்லில் இன்றும் டூல்பேக் கிடையாது. கல்லூரி மின்னஞ்சல் வழியாக இலவசமாகக் கிடைப்பது உலாவிப் பதிப்பு மட்டும்தான் என்றால், அந்த மாணவர் எவ்வளவு தேடினாலும் அந்தப் பொத்தான் கண்ணில் படாது.

இயக்குவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. உண்மையான பாடமே அதன் பிறகு திறக்கும் பெட்டிகளில்தான் இருக்கிறது. ஒரு பழைய உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், 1908-இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் எழுதிய கட்டுரையிலிருந்து பிறந்ததுதான் டி-சோதனை. அதில் அவர் கையாண்ட தரவு, பத்து நோயாளிகளுக்கு இரண்டு தூக்க மருந்துகள் கொடுத்தபோது கூடுதலாகக் கிடைத்த தூக்க நேரம். முதல் மருந்தின் சராசரி 0.75 மணி நேரம். இரண்டாவதன் சராசரி 2.33. இந்த இருபது எண்களையும் இரண்டு நெடுவரிசைகளில் அடித்துவிட்டு 'டேட்டா அனாலிசிஸ்' பொத்தானை அழுத்தினால், பட்டியலில் மூன்று டி-சோதனைகள் அடுத்தடுத்து நிற்கும். ஒன்று இணை அளவீடுகளுக்கு. மற்ற இரண்டும் தனித்தனிக் குழுக்களுக்கு, மாறுபாடு சமம் என்று எடுத்துக்கொண்டு ஒன்று, சமமில்லை என்று எடுத்துக்கொண்டு இன்னொன்று.

இணைச் சோதனையைத் தேர்ந்தெடுத்தால் இருமுனை பி மதிப்பு ஏறக்குறைய 0.003 வரும். இரண்டு மருந்துகளுக்கும் இடையே தெளிவான வேறுபாடு உண்டு என்று எழுதலாம். அதே எண்களைத் தனிக் குழுக்களுக்கான சோதனையில் போட்டால் பி மதிப்பு 0.079. வழக்கமான 0.05 எல்லையைத் தாண்டிவிட்டதால், வேறுபாடு நிறுவப்படவில்லை என்று எழுத வேண்டிவரும். இத்தோடும் நிற்கவில்லை. டூல்பேக் ஒருமுனை மதிப்பையும் இருமுனை மதிப்பையும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்துக் கொடுக்கும். தவறான சோதனையைத் தேர்ந்தெடுத்தவர், அதில் ஒருமுனை வரியைப் படித்தால் 0.04 என்று இருக்கும். வேறுபாடு உண்டு என்று மறுபடி எழுதிவிடுவார். எண்களில் ஒன்றுகூட மாறவில்லை. பட்டியலில் ஒரு வரி கீழே போனதும், அட்டவணையில் இரண்டு வரி மேலே பார்த்ததும்தான் மாற்றம்.

எது சரி என்பதை எக்செல் சொல்லாது. தரவைப் பார்த்தால் தெரியும். இரண்டு மருந்தையும் சாப்பிட்டவர்கள் அதே பத்துப் பேர். அவர்களில் ஒன்பது பேருக்கு இரண்டாவது மருந்தில் தூக்கம் கூடியிருக்கிறது. மீதி ஒருவருக்கு இரண்டிலும் ஒரே அளவு. ஆளுக்கு ஆள் தூக்கம் பெரிதாக வேறுபடுவதால், தனிக் குழுக்களாகப் பிரித்துப் பார்க்கும்போது அந்த வேறுபாட்டின் இரைச்சலில் மருந்தின் விளைவு மங்கிவிடுகிறது. ஒவ்வொருவரையும் அவரோடே ஒப்பிட்டால் பளிச்சென்று தெரிகிறது. பயிற்சிக்கு முன் மதிப்பெண், பயிற்சிக்குப் பின் மதிப்பெண் என்று ஆய்வு செய்யும் ஒவ்வொரு கல்வியியல் மாணவரும் சந்திக்கும் அதே கேள்வி இது.

சிறிய டிக்குகளும் பெரிய வேலையைக் கெடுக்கும். நெடுவரிசையின் தலைப்பையும் சேர்த்துத் தேர்வு செய்தால் 'லேபிள்ஸ்' என்ற பெட்டியில் டிக் அடிக்க வேண்டும். மறந்தால், தலைப்பு எழுத்தாக இருக்கும் வரை எக்செல் எச்சரித்து நிறுத்திவிடும். தலைப்பு 2019, 2020 என்று ஆண்டாக இருந்தால் எச்சரிக்கை வராது. 2019 என்பதையும் ஒரு தரவாகவே எண்ணிச் சராசரியில் சேர்த்துவிடும். நெல் விளைச்சலோ மழை அளவோ ஆண்டுவாரியாக வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம். 'டிஸ்கிரிப்டிவ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' கருவி மாறுபாட்டைக் கணக்கிடும்போது எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து வகுக்கிறது. பக்கத்திலேயே இருக்கும் 'கோவேரியன்ஸ்' கருவி கழிக்காமல் வகுக்கிறது. ஒரே தொகுப்பில் இரண்டு வழக்கம். ரிக்ரஷன் கருவியோ 16 சாரா மாறிகளுக்கு மேல் ஏற்காது. அவை பக்கம் பக்கமாக, இடைவெளி இல்லாமல் அமைந்திருக்கவும் வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கவலைக்குரியது, டூல்பேக் தரும் விடைகளில் பெரும்பாலானவை உறைந்த எண்களாக இருப்பது. தரவில் ஒரு பிழையைத் திருத்தினால் விடை தானாக மாறாது; கருவியை மறுபடி ஓட்ட வேண்டும். எந்த செல்லிலிருந்து எந்த செல் வரை கணக்கிட்டது என்ற தடயத்தையும் அது விட்டுவைப்பதில்லை. இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு உலகறிந்த சான்று இருக்கிறது. பொருளியலாளர்களான கார்மன் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் 2010-இல் எழுதிய கட்டுரை, அரசின் கடன் நாட்டின் உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சரிந்துவிடும் என்றது. செலவைக் குறைக்கச் சொன்ன அரசியல்வாதிகள் பலர் அதை மேற்கோள் காட்டினார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில் படித்துக்கொண்டிருந்த தாமஸ் ஹெர்ன்டன் அவர்களின் எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சராசரிக்கான ஃபார்முலா 49-ஆவது வரிசை வரை போகாமல் 44-உடன் நின்றிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஐந்தும் விடுபட்டிருந்தன. அவரும் பேராசிரியர்கள் மைக்கேல் ஆஷ், ராபர்ட் போலின் ஆகியோரும் வேறு சில குறைகளையும் சேர்த்துத் திருத்தி 2013-இல் வெளியிட்டபோது, -0.1 சதவீதம் என்று சொல்லப்பட்டிருந்த வளர்ச்சி 2.2 சதவீதமாகியிருந்தது.

அந்தப் பிழையைப் பிடிக்க முடிந்ததற்குக் காரணம், செல்லுக்குள் ஃபார்முலா உயிரோடு இருந்ததுதான். டூல்பேக்கின் அட்டவணையாக இருந்திருந்தால் எந்த வரிசை வரை கணக்கிட்டார்கள் என்பது செல்லில் தெரிந்திருக்காது. ஆகவே டூல்பேக்கைப் பயன்படுத்துபவர்கள், தேர்ந்தெடுத்த வீச்சையும் கருவியின் பெயரையும் விடைக்கு மேலே ஒரு வரியில் எழுதிவைக்கும் பழக்கத்தைக் கட்டாயமாக்கிக்கொள்ள வேண்டும். டி-சோதனைக்கும் ரிக்ரஷனுக்கும் எக்செல்லிலேயே நேரடி ஃபார்முலாக்கள் இருக்கின்றன. அவற்றைப் பக்கத்தில் போட்டுச் சரிபார்ப்பது இன்னும் நல்லது.

எக்செல்லைப் புள்ளியியலுக்கு நம்பலாமா என்ற கேள்வியும் நியாயமானது. ஆய்வாளர்களான மெக்கல்லாவும் வில்சனும் 1999-இல் எக்செல் 97-ஐச் சோதித்துவிட்டு, புள்ளியியல் பகுப்பாய்வுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே எழுதினார்கள். பிறகு 2003, 2010 பதிப்புகளில் மாறுபாட்டுக் கணக்கும் பரவல் சார்புகளும் சீர்திருத்தப்பட்டன. இருபது முப்பது மாறிகள், விடுபட்ட தரவுகள், சிக்கலான மாதிரிகள் என்று போகும் ஆய்வுக்கு 'ஆர்' போன்ற மென்பொருள்தான் தக்கது, அதுவும் இலவசம். வகுப்பறைக்கும், நூறு இருநூறு பேரிடம் எடுத்த கணக்கெடுப்புக்கும் எக்செல் போதும்.

டூல்பேக்கில் இல்லாததை வெளி ஆட்-இன்கள் தருகின்றன. 'ரியல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' இலவசம், 'எக்ஸ்எல்ஸ்டாட்' கட்டணம். இவற்றை நிறுவும்போது வரும் சிக்கல் வேறு வகை. இணையத்திலிருந்து இறக்கிய கோப்புகளின் மேக்ரோக்களை ஆஃபீஸ் 2022 முதல் இயல்பாகவே தடுக்கிறது. கோப்பின் மீது வலது கிளிக் செய்து, 'ப்ராப்பர்ட்டீஸ்' பெட்டியின் அடியில் 'அன்பிளாக்' என்பதில் டிக் அடித்தால் தடை நீங்கும். வைரஸ் பரப்புபவர்களும் இதே வழியைத்தான் நாடுகிறார்கள் என்பதால் தடை அவசியமானது. உருவாக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்து எடுத்த கோப்புக்கு மட்டுமே அதை நீக்க வேண்டும். நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதற்கு நீக்கக் கூடாது.

தமிழ்நாட்டுக்கு இன்னொரு வழியும் திறந்தே இருக்கிறது. பதினோராம் வகுப்பின் கணினிப் பயன்பாடுகள் பாடநூல் விரிதாளை ஓபன் ஆஃபீஸ் கால்க் கொண்டே கற்றுத் தந்தது. அதிலிருந்து 2010-இல் பிரிந்து வளர்ந்த லிப்ரே ஆஃபீஸில், 2014-இல் வந்த 4.2 பதிப்பு முதல் 'டேட்டா' பட்டியலிலேயே 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' இருக்கிறது. எந்த ஆட்-இன்னையும் இயக்க வேண்டாம், நிறுவ வேண்டாம், காசும் வேண்டாம். விடைகளை அது ஃபார்முலாக்களாகவே எழுதுகிறது; தரவைத் திருத்தினால் விடையும் திருந்தும், எந்த செல்கள் என்ற தடயமும் நிற்கும். அதன் பட்டியலில் உள்ள டி-சோதனை இணை அளவீடுகளுக்கானது, தனிக் குழுக்களுக்கு ஃபார்முலாவைத்தான் நாட வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். அரசுக் கல்லூரி ஆய்வகங்களில் இதை நிறுவிவைக்காமல் இருப்பதற்குச் சொல்லத்தக்க காரணம் எதுவும் இல்லை.

பல்கலைக்கழகங்கள் செய்ய வேண்டியது செலவில்லாத காரியம். ஆய்வு முறையியல் தாளில் ஒரு செய்முறைத் தேர்வைச் சேர்க்கலாம்: தரவைக் கொடுத்து, கருவியை மாணவரே இயக்கி, சோதனையைத் தேர்ந்தெடுத்து, தேர்வுக்கான காரணத்தை நான்கு வரியில் எழுதச் சொல்லலாம். ஆய்வேட்டோடு விரிதாள் கோப்பையும் கேட்டு வாங்கலாம். வாய்மொழித் தேர்வில் அந்தக் கோப்பைத் திறந்து, இந்த வரியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், இந்த டிக் எதற்கு என்று கேட்பதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினால், பகுப்பாய்வை வெளியே கொடுத்து வாங்கும் பழக்கம் தானாகக் குறையும். அந்தக் கேள்விகளைக் கேட்க வழிகாட்டிப் பேராசிரியர்களுக்கும் இந்தக் கருவிகளில் பழக்கம் வேண்டும். அதற்கான பயிற்சியை முதலில் அவர்களுக்கே நடத்தலாம்.