ஆயிலுக்கும் மணிக்கணக்கு பாருங்க

நம்ம வானூர் பக்கத்துல வாடகைக்கு டிராக்டர் ஓட்டுறவங்க யாரும் கிலோமீட்டர் கணக்கு சொல்றதில்லை. மல்லாட்டைக்கு புழுதி ஓட்டினாலும் சரி, நெல்லுக்கு சேடை ஓட்டினாலும் சரி, மணிக்கு இவ்வளவுன்னுதான் பேச்சு. வேளாண் பொறியியல் துறை டிராக்டர் எடுத்தாலும் மணிக்கணக்குதான். பத்து நிமிஷம் கூட்டிப் போட்டா கழனிக்காரர் சண்டைக்கு வந்துடுவார். வாடகைக்கு இவ்வளவு கணக்கு பார்க்கிற நாம, இன்ஜின் ஆயில் மாத்தறதுக்கு மட்டும் ஆயில் கம்பியை உருவி, கலரைப் பார்த்து முடிவு பண்றோம். இது எனக்குச் சரியாப் படலை.

டீசல் இன்ஜின்ல புது ஆயில் ஊத்தினா, கொஞ்ச நேரம் ஓடினதுமே கறுத்துடும். எரியும்போது வர்ற கரியை ஆயில் தனக்குள்ள பிடிச்சு வெச்சுக்குது, அதனால வர்ற கறுப்பு. அதுக்காகவே ஆயில்ல மருந்து கலந்திருக்காங்க. கறுத்தா ஆயில் தன் வேலையைச் செய்யுதுன்னு அர்த்தம், கெட்டுப்போச்சுன்னு இல்லை. உண்மையில ஆயில் கெடறது எப்படின்னா, சூட்டுல வெந்து கெட்டியாகும், கலந்த மருந்து தீரும், அமிலம் சேரும். இது எதுவும் கலர்ல தெரியாது. அதனாலதான் சிலர் நல்ல ஆயிலை வடிச்சுக் கொட்டறாங்க, சிலர் செத்துப்போன ஆயில்ல வண்டி ஓட்டறாங்க.

இப்ப சில கார்ல ஆயிலுக்கு இன்னும் எத்தனை சதவீதம் ஆயுசு இருக்குன்னு டேஷ்போர்டுலயே காட்டுது. வண்டியே ஆயிலைச் சோதிச்சுச் சொல்லுதுன்னு பலரும் நினைக்கிறாங்க. பெரும்பாலான வண்டியில அப்படி இல்லை. அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1980களின் கடைசியில கொண்டுவந்த முறையில, கம்ப்யூட்டர் ஆயிலைத் தொடவே தொடாது. இன்ஜின் எத்தனை சுத்து சுத்துச்சு, எவ்வளவு சூட்டுல சுத்துச்சுன்னு மட்டும் கணக்கு வைக்கும். ரொம்ப சூடா ஓடினாலும், சூடேறாம குளிர்ந்தே ஓடினாலும் ஒரு சுத்தை ரெண்டு மூணா எண்ணி ஆயுசைக் குறைக்கும். ஆயிலுக்குள்ளயே சென்சார் வெச்ச வண்டிகளும் உண்டு, ஆனா கம்மி. நம்ம ஊர்ல ஓடுற பல கார்ல வர்ற ஸ்பேனர் குறி இதுகூட கிடையாது. அது வெறும் கிலோமீட்டரும் நாளும் எண்ணிச் சொல்ற ஞாபகமூட்டல்.

இதைப் படிக்கும்போது எனக்கு நம்ம பழைய டிராக்டர் மீட்டர்தான் நினைவுக்கு வந்துது. கேபிள்ல ஓடுற பழைய மணி மீட்டர் கடிகாரம் மாதிரி ஓடாது. இன்ஜின் சுத்தைத்தான் எண்ணும். ஒரு குறிப்பிட்ட வேகத்துல, உதாரணமா 1,800 சுத்துல, ஒரு மணி ஓடினா மீட்டர்ல ஒரு மணி ஏறும். 900 சுத்துல மெதுவா ஓடவிட்டா அரை மணிதான் ஏறும். கார்காரன் பெருமையாச் சொல்ற கணக்குல பாதி நம்ம கழனியில எப்பவோ இருந்திருக்கு. ஆனா அந்தக் கேபிள் அறுந்தா எத்தனை பேர் மாத்தறோம்? பழைய வண்டி வாங்கப் போனா பத்துல பாதி மீட்டர் நின்னுபோய்த்தான் இருக்கு.

என் கருத்து இதுதான்: மீட்டர் ஓடணும், அதை எழுதி வைக்கணும். பல டிராக்டருக்கு கம்பெனி புத்தகத்துல முதல் ஆயில் 50 மணிக்கு, அப்புறம் 250 மணிக்கு ஒரு தடவைன்னு போட்டிருக்கும். சில புது வண்டிக்கு இன்னும் அதிகம். உங்க வண்டிப் புத்தகத்தைப் பாருங்க. சேடை சீசன்ல ஒரு நாளைக்கு பத்து மணி ஓட்டினா 25 நாள்ல 250 மணி முடிஞ்சுபோகும். சொந்த நிலத்துக்கு மட்டும் ஓட்டுறவருக்கு வருஷத்துக்கு 100 மணிகூட வராது. ரெண்டு பேரும் 'பொங்கலுக்குப் பொங்கல் மாத்தறோம்'னு சொன்னா, ஒருத்தர் இன்ஜின் தேயும்.

மணி குறைவா ஓடினாலும் வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திடணும். இது மரக்காணம் உப்பளத்துக்காரங்களுக்கு ரொம்ப முக்கியம். மழை வந்து வேலை நின்னா, தண்ணி இறைக்கிற ஆயில் இன்ஜின் மாசக்கணக்கா சும்மா கிடக்கும். பழைய ஆயில்ல சேர்ந்த அமிலமும் ஈரமும் உள்ள இருக்கிற பேரிங்கை அரிச்சுக்கிட்டே இருக்கும். வெளியில உப்புக்காத்து வேற. தை மாசம் மறுபடி ஸ்டார்ட் பண்ணும்போது மாத்தறதைவிட, மழைக்கு முன்னாடி நிறுத்தும்போதே மாத்திட்டு நிறுத்தறது நல்லது.

மீட்டர் சொல்லாததும் உண்டு. 2024 நவம்பர் 30-ந் தேதி ஃபெஞ்சல் புயல் நம்ம கரையில ஏறினப்ப, மயிலத்துல ஒரே நாள்ல 50 செ.மீ.க்கு மேல மழை. அந்த மாதிரி வெள்ளத்துல முங்கின வண்டியை அப்படியே ஸ்டார்ட் பண்ணா, மணி மீட்டருக்கும் தெரியாது, கார் கம்ப்யூட்டருக்கும் தெரியாது. அங்கதான் கம்பியை உருவிப் பார்க்கணும். ஆயில் பால் விட்ட காபி மாதிரி இருந்தா தண்ணி கலந்திருக்கு. லெவல் தானா ஏறியிருந்தா டீசலோ தண்ணியோ இறங்குது. அப்ப மணி பார்க்காம உடனே வடிக்கணும், ஏன் கலந்துதுன்னும் பார்க்கணும். ஏர் கிளீனர் அடைச்சிருந்து புழுதி உள்ள போனாலும் இதே கதைதான், எந்த மீட்டரும் சொல்லாது.

டிராக்டர் கம்பெனிகளும் ஒண்ணு செய்யலாம். மீட்டர் கண்ணாடி பக்கத்துலயே 'அடுத்த ஆயில் எத்தனை மணிக்கு'ன்னு தமிழ்ல எழுத ஒரு இடம் கொடுக்கலாம். அதுவரைக்கும் நாமே செய்வோம். ஆயில் மாத்தின அன்னிக்கு மீட்டர்ல இருக்கிற மணியை பெயிண்ட் பேனாவால ஆயில் ஃபில்டர் மேலயே எழுதுங்க. டிரைவர் மாறினாலும் வண்டி கை மாறினாலும் அந்தக் கணக்கு கூடவே போகும். ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் ஆகிறது சில ஆயிரம். இன்ஜினை இறக்கிப் பிரிச்சா ஐம்பதாயிரத்துக்கு மேல போகும், சீசன்ல வண்டி நிக்கிற நஷ்டம் தனி.

வடிச்ச ஆயிலை வரப்புலயோ வாய்க்கால்லயோ ஊத்தாதீங்க. கேன்ல பிடிச்சு, பழைய ஆயில் எடுக்கிறவங்ககிட்ட கொடுங்க. அந்த வாய்க்கால் தண்ணிதான் நம்ம கிணத்துக்கும் ஊறுது.