சோதனையோடு நின்றால் போதாது

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சுமார் 80 ஆயிரம் பெண்கள் பலியானார்கள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. இத்தனைக்கும் இது திடீரென்று தாக்கும் நோயல்ல. கிருமி தொற்றிப் பல ஆண்டுகள் கழித்தே புற்றாக மாறுகிறது. இடையில் கண்டுபிடித்துவிட்டால் உயிர் பிழைக்கலாம். கண்டுபிடிக்கப் பெரிய டாக்டர் வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற நர்ஸ் போதும். இதை நிரூபித்ததில் திண்டுக்கல்லுக்கும் மும்பைக்கும் பங்கு உண்டு.

முறை எளியது. வினிகரில் உள்ள அமிலத்தை நீர்க்கச் செய்து, பஞ்சால் கர்ப்பப்பை வாயில் தடவுவார்கள். ஒரு நிமிடத்தில், சந்தேகத்துக்குரிய இடம் வெள்ளையாகத் தெரியும். லேசான எரிச்சல் இருக்கலாம். ஊசியில்லை, கத்தியில்லை.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயது வரையுள்ள 31 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை நர்ஸுகளே சோதித்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு, வந்த அன்றே உறைய வைக்கும் சிகிச்சையும் அவர்களே செய்தார்கள். 2007இல் முடிவு வெளியானது. சோதனை நடந்த பகுதிகளில் இந்த நோயால் ஏற்பட்ட சாவு, நடக்காத பகுதிகளைவிட 35 சதவிகிதம் குறைவு.

மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998இல் குடிசைப் பகுதிகளில் ஆய்வைத் தொடங்கியது. அங்கே நர்ஸுகள்கூட இல்லை. 10ஆம் வகுப்பு படித்த பெண்களுக்கு 4 வாரப் பயிற்சி கொடுத்தே சோதிக்கச் செய்தார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவையாக 4 சுற்று. சாவு 31 சதவிகிதம் குறைந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பல ஆயிரம் பெண்களைச் சோதிக்காமல் விட்டது நியாயமா என்ற கண்டனமும் எழுந்தது. அந்தப் பெண்கள் கொடுத்த விலைக்காகவாவது பலன் எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டாமா?

மறு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. இதே மராட்டியத்தில் உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடந்த ஆய்வின் முடிவு 2009இல் வந்தது. அங்கே வினிகர் சோதனையால் சாவு சொல்லத்தக்க அளவு குறையவில்லை. கிருமியையே கண்டறியும் எச்.பி.வி. சோதனைதான் சாவைச் சுமார் பாதியாகக் குறைத்தது. வினிகர் சோதனை நர்ஸின் கண்ணை நம்பியது. கண் பழகாவிட்டால் சோதனையும் பழுதாகிவிடும். 2021இல் உலக சுகாதார நிறுவனமும் எச்.பி.வி. சோதனைக்கே முதலிடம் கொடுத்தது.

மத்திய சுகாதார அமைச்சகம் 2016இல் வகுத்த வழிமுறைப்படி 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களை 5 ஆண்டுக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும். ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் இந்தச் சோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை!

இத்தனை முகாம் நடத்தினோம், இத்தனை பேரைப் பார்த்தோம் என்று அறிக்கை தருவது சுலபம். சந்தேகம் என்று எழுதப்பட்ட பெண்களில் எத்தனை பேர் சிகிச்சை முடித்தார்கள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. வசதியோடு நடந்த மும்பை ஆய்விலேயே மறு பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களில் ஐந்தில் ஒருவர் வரவில்லை. சாதாரண சுகாதார நிலையத்தின் நிலைமை என்னவாக இருக்கும்? சோதனையோடு நின்றால் நோட்டுப் புத்தகம்தான் நிரம்பும்.

பிழைக்க வந்த தமிழ்ப் பெண்ணின் கஷ்டம் இன்னொரு மடங்கு. தாராவியிலிருந்தோ ஆண்டாப் ஹில்லிலிருந்தோ வீட்டு வேலைக்குப் போகும் பெண், பெரிய ஆஸ்பத்திரிக்கு மூன்று நாள் அலைந்தால் மூன்று நாள் கூலி போகும். மராட்டியில் நர்ஸ் சொன்னது பாதிதான் புரியும். திரைகூட இல்லாத அறையில் அந்தரங்கத்தைச் சொல்ல நா எழாது. "ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப் போடுவாள். ஊருக்குப் போனால் கல்யாணம், கோயில் கொடை என்று விடுமுறை தீர்ந்துவிடும்.

எனவே செய்ய வேண்டியவை தெளிவு. சோதிக்கும் இடத்திலேயே, முடிந்தவரை அன்றே சிகிச்சை கிடைக்க வேண்டும். நர்ஸுக்குத் தனி அறையும், போதிய நேரமும், காலாகாலத்தில் மறு பயிற்சியும் வேண்டும். எச்.பி.வி. சோதனை சுகாதார நிலையங்களுக்கும் வர வேண்டும். சிகிச்சை முடித்தவர் கணக்கைப் பகுதிவாரியாக வெளியிட வேண்டும். மொழிக்குத் துணையாக ஒரு பெண்ணை அனுப்புவது தமிழ்ச் சங்கங்களால் முடியாத காரியமல்ல. பொங்கல் விழாவுக்குப் பந்தல் போடுகிறவர்கள் இதையும் செய்யலாம்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. இது பாலுறவு மூலம் பரவும் கிருமியால் வருகிறது என்றதும் மனைவியைச் சந்தேகப்படுகிற பேதைமை வேண்டாம். உறவு வாழ்க்கை உள்ள பெரும்பாலோருக்கு, ஆண் பெண் இரு பாலாருக்கும், வாழ்நாளில் ஒரு முறையாவது தொற்றும் கிருமி இது. பெரும்பாலும் தானே போய்விடும். ஒழுக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அரை நாள் லீவு போட்டு மனைவியோடு சுகாதார நிலையத்துக்குப் போய் வருவதில் எந்தக் கௌரவமும் குறைந்துவிடாது.