ரேம் விலை ஏறியாச்சு... குறைந்த பட்ஜெட்டில் கேமிங் கம்ப்யூட்டர் இப்போ சாத்தியமா?

2022 மே மாதம், நூல் விலை உயர்வைக் கண்டித்து திருப்பூர் பனியன் நிறுவனங்கள் 2 நாள் வேலைநிறுத்தம் செய்தன. மூலப்பொருள் விலை ஏறினால் கடைசியில் யார் தலையில் விடியும் என்பது அந்த ஊருக்கு நல்லாவே தெரியும். கம்ப்யூட்டர் சந்தையில் இப்போது அதே கதைதான். இங்கே நூலுக்குப் பதில் மெமரி சிப்.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா விதித்த 50% வரியால் ஆர்டர்கள் தடுமாறிய ஊர் இது. மெர்ச்சண்டைசிங், டிசைன் வேலையில் இருக்கும் இளைஞர்களுக்கு ஒவ்வொரு ஆயிரமும் கணக்குதான்.

ஏன் ஏறியது?

உலகின் ரேம் சிப்களில் பெரும்பகுதியைத் தயாரிப்பது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என 3 நிறுவனங்கள். ஏஐ டேட்டா சென்டர்கள் கூடுதல் விலை கொடுப்பதால் உற்பத்தி அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. வீட்டு உபயோகத்துக்கான 'குருஷியல்' பிராண்டையே கைவிடுவதாக 2025 டிசம்பரில் மைக்ரான் அறிவித்தது.

எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

முதலில் என்ன கேம் என்று முடிவு செய்யுங்கள். வேலரன்ட் போன்ற கேம்களுக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டே வேண்டாம். ரைசன் 5 5600ஜி போன்ற பிராசஸருக்குள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கிறது. பழைய டிடிஆர்4 ரேமே அதற்குப் போதும். ஆனால் இந்த வகை கிராஃபிக்ஸ் ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். அதனால் 16 ஜிபி ஒரே ஸ்டிக்காக வாங்காமல், 8 ஜிபி இரண்டாகப் போட்டால் வேகம் கூடும். பிறகு காசு சேரும்போது கார்டு வாங்கிக்கலாம்.

பழையது வாங்கலாமா?

காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் வாங்குகிறவர் தையலைப் பிரித்துப் பார்த்துத்தானே வாங்குவார்? இதுவும் அப்படித்தான். அலுவலகங்கள் கழித்துவிட்ட கம்ப்யூட்டரில் ரேமும் சேர்ந்தே வருவதால் இப்போது அது லாபம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. எனவே இன்டெல் என்றால் 8-வது தலைமுறைக்குக் கீழே போக வேண்டாம். விண்டோஸ் 11-ல் வேலரன்ட் ஓட டிபிஎம் 2.0 கட்டாயம்.

சின்ன கேபினட்டில் சாதாரண கிராஃபிக்ஸ் கார்டு நுழையாது. பவர் சப்ளையும் தாங்காது. ஜிடிஎக்ஸ் 1650-ன் பல மாடல்கள் தனி பவர் ஒயர் இல்லாமல் 75 வாட்ஸில் இயங்குபவை. அதிலும் உயரம் குறைந்த மாடலா என்று கேளுங்கள். பழைய கார்டை, கேம் ஓடவிட்டு அரை மணி நேரம் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

எதில் கை வைக்கக் கூடாது?

பவர் சப்ளை. பெயர் தெரியாத மலிவு எஸ்எம்பிஎஸ் பழுதானால் போர்டு, கார்டு எல்லாத்தையும் சேர்த்துக் கொண்டு போகலாம். பளபளக்கும் லைட், கண்ணாடி கேபினட்டெல்லாம் பிறகு பார்த்துக்கலாம்.

'நோ காஸ்ட் இஎம்ஐ' நம்பலாமா?

கிரெடிட் கார்டு இஎம்ஐ-யில் வட்டிப் பகுதிக்கு 18% ஜிஎஸ்டி உண்டு. பிராசசிங் கட்டணமும் சேரலாம். ரொக்க விலை என்ன, மொத்தமாகக் கட்டப்போவது எவ்வளவு என்று இரண்டையும் எழுதி ஒப்பிடுங்கள். ஆர்டர் குறைந்தால் முதலில் போவது ஓவர்டைம் காசு. அதை நம்பித் தவணை போடாதீர்கள்.